கான்டெஸாவும் எட்டு சிலிண்டரும்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய எட்டு சிலிண்டர் இஞ்சின் போட்ட பழைய அமெரிக்க மசில் கார்களையும் நம் ஊர் கான்டெஸா, அம்பாசிடர் வண்டிகளையும் இன்றைய கார்களோடு ஒப்பிட்டு டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

1960-களின் மசில் கார்களுக்கு 325, 425 குதிரைத்திறன் என்று போடுகிறார்கள். என் மகன் வைத்திருக்கும் 1 லிட்டர் டர்போ காருக்கு 120. அப்படியானால் அந்தப் பழைய வண்டியை ஓட்டினால் மூன்று மடங்கு பாய்ச்சல் இருக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

இருக்காது. முதலில் அந்த எண்ணையே சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1971 வரை விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன், இஞ்சினைத் தனியே மேடையில் பூட்டி, ஏர் ஃபில்டர், ஃபேன், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தது. 1972 மாடல்களில் இருந்துதான் எல்லாவற்றையும் மாட்டி, வண்டியில் இருக்கிற நிலையிலேயே அளந்து எழுதினார்கள். 1971-இல் செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் எல்டி-1 இஞ்சினுக்கு இரண்டு கணக்கும் வெளிவந்தது: பழைய முறையில் 330, புதிய முறையில் 275. இஞ்சினே மாறவில்லை, அளந்த விதம்தான் மாறியது. பழைய எண் எதைப் பார்த்தாலும் ஆறில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கழித்துக்கொள்ளுங்கள்.

கழித்த பிறகும் இழுவையில் (டார்க் என்ற முறுக்கு விசையில்) பெரிய வித்தியாசம் உண்டு. 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓ என்ற மசில் காரில் 389 கன அங்குல இஞ்சின், அதாவது சுமார் 6.4 லிட்டர். நிமிடத்துக்கு 3,200 சுற்றில் அதன் இழுவை ஏறக்குறைய 580 நியூட்டன் மீட்டர் என்று குறித்திருந்தார்கள். உங்கள் மகனின் டர்போ 170-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் டர்போ தன் முழு இழுவையையும் 1,500 சுற்றிலேயே கொடுத்து, 4,000 வரை குறையாமல் வைத்திருக்கும். ஆறு ஏழு கியர்கள் அதைப் பங்கிட்டுச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். ஜிடிஓவில் மேனுவல் என்றால் மூன்று அல்லது நான்கு கியர், ஆட்டோமேட்டிக் என்றால் அந்த ஆண்டில் இரண்டே இரண்டு.

ஓட்டும்போது தெரியும் வேறுபாடு ஆக்ஸிலரேட்டரில் தொடங்குகிறது. பழைய வண்டியில் மிதி நேராகக் கார்புரேட்டரின் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவியின்) தட்டைத் திறக்கிறது. மிதித்த கணத்தில் இஞ்சின் பதில் சொல்லும், டர்போவில் இருக்கும் அந்த அரை நொடிக் காத்திருப்பு இருக்காது. புதிய காரில் மிதி வெறும் சென்சார். எவ்வளவு திறக்கலாம், சக்கரம் வழுக்குகிறதா, பெட்ரோல் எவ்வளவு விடலாம் என்றெல்லாம் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பழையதில் அந்த முடிவு உங்கள் வலது காலுக்கு. ஈரச் சாலையில் முதல் கியரில் அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் சுழன்று வால் பக்கவாட்டில் விலகும். பின்னால் பட்டா (லீஃப் ஸ்பிரிங்) போட்ட மசில் கார்களில் அந்தப் பட்டாவே முறுக்கேறி ஆக்ஸில் குதிக்கும். சக்கரம் தரையை விட்டு விட்டுப் பிடிப்பதால் ‘தட தட’வென்று ஒரு அதிர்வு வரும். அப்போது காலை மெதுவாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது ஸ்டீயரிங். பவர் இல்லாத பழைய ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப நான்கு சுற்றுக்கு மேல் ஆகும். இன்றைய கார்களில் மூன்றை ஒட்டி முடிந்துவிடும். நடுவில் ஒரு அங்குலம் அளவுக்கு ஸ்டீயரிங் ஆடும், அந்த ஆட்டம் முடிந்த பிறகுதான் சக்கரம் திரும்பத் தொடங்கும். வாய்க்கால் ஓரமாக நெளிந்து போகும் நம் ஊர்ச் சாலைகளில் இது கையைச் சோர வைக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற பழக்கம் இங்கே உதவாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, பிறகுதான் திருப்ப வேண்டும்.

தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்கு வழிச் சாலையில் 80-இல் நேராகப் போகும்போது பழைய எட்டு சிலிண்டர் மிக நிதானமாக ஓடும், நெடுந்தூரம் போக ஆசை வரும் வண்டிதான் அது. ஆனால் 3.23 டிஃபரன்ஷியல் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 3.23 முறை சுற்றும்) போட்ட வண்டியில் ஓவர்டிரைவ் (இஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) இல்லாததால் 100 கி.மீ. வேகத்தில் இஞ்சின் சுமார் 2,600 சுற்றில் இருக்கும். 3.90 போட்டிருந்தால் 3,100-ஐத் தொடும். ஒரு மாடு குறுக்கே வந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். அடிப்படை ஜிடிஓவுக்கு நான்கு சக்கரமும் டிரம் பிரேக். அந்தக் காலத்தின் மிக வேகமான கார்கள் பலவும் தங்கள் இஞ்சினுக்கு ஈடான பிரேக் இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தன. இதைத்தான் அந்தத் தலைமுறை வண்டிகளின் பெரிய குறையாக நாங்கள் நினைக்கிறோம்.

அப்பாவின் கான்டெஸா கிளாசிக் பல வருடங்களாக ஷெட்டில் நிற்கிறது. 1.8 பெட்ரோல். மெக்கானிக் இஞ்சினைப் பிரித்துவிடலாம் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? ஓட்டினால் இன்றைய செடான் மாதிரி இருக்குமா?
– வாசகி, மன்னார்குடி

இஞ்சினைப் பிரிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிரேக், டயர், தண்ணீர் என்ற வரிசையில் போங்கள். உங்கள் வண்டியின் பூர்வீகம் 1972-இல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸ்ஹால் விக்டர். 1984-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கியபோது அம்பாசிடரின் 1,489 சிசி இஞ்சின்தான் உள்ளே இருந்தது. அந்த உடம்புக்கு 50 குதிரைத்திறன் போதவில்லை. பின்னால் வந்த இசுஸு 1.8 இஞ்சினும் ஐந்து கியரும்தான் அதை ஓட்டத் தகுந்த வண்டியாக்கின. உங்களிடம் இருப்பது அந்த நல்ல வகை. நீண்ட மூக்கு, பின்சக்கர இழுவை, தாழ்ந்த இருக்கை. இந்தியச் சாலையில் மசில் காருக்கு மிக அருகில் வந்தது இதுதான்.

நின்ற வண்டியில் முதலில் கெடுவது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான அளவு 140 மட்டுமே. சரிவில் இறங்கும்போதோ அடிக்கடி பிரேக் போடும்போதோ ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கிவிடும், மிதி தரைவரை போகும். உள்ளே இருக்கும் ஈரம், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைத்து ரப்பர் வாஷரைக் கிழிக்கும். ஆகவே மிதி தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். உள்சுவரில் குழி இருந்தால் வாஷர் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

பிரேக் குழாயில் ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டிரம்மில் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும் வரை திருகி, லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டயரில் பூ (ட்ரெட்) எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டினால் விரிசல் தேடிப் பாருங்கள், பத்து தாண்டினால் பூ எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். ரேடியலும் பழைய நைலான் டயரும் கலந்து போடாதீர்கள். குறிப்பாக முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்றால் வளைவில் பின்பக்கம் முதலில் விட்டுவிடும்.

இஞ்சினுக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும்: பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேங்கின் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். கம்ப்ரஷன் அளந்து பார்க்காமல் யாரும் இஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் அளவு நெருங்கி இருந்தால் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை.

இன்றைய செடான் மாதிரி இருக்குமா என்றால், இருக்காது. சீட் மெத்தென்று இருக்கும், மேடு பள்ளத்தில் புதியதைவிட நன்றாக மிதந்து போகும். பிரேக் மட்டும் முன்கூட்டியே யோசிக்கச் சொல்லும். 60-இல் நிறுத்துவதைவிட 80-இல் நிறுத்தப் பிரேக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு சக்தியை விழுங்க வேண்டும். ஏபிஎஸ் கிடையாது, ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டி, ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். பூட்டுகிற கட்டத்துக்குச் சற்று முன்வரை அழுத்தி, பூட்டினால் கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஆளில்லாத சாலையில் 30-இல் தொடங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் பக்கம் ரயில்வே கேட்டில் நின்றால் என் அம்பாசிடர் சூடேறுகிறது. ஓடும்போது ஒன்றும் இல்லை. புது காரில் ஏன் இது வருவதில்லை?
– வாசகர், கும்பகோணம்

உங்கள் வண்டியில் ஃபேனை இஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. நின்றால் இஞ்சின் சுற்று குறையும், ஃபேனும் மெதுவாகும், ரேடியேட்டருக்குத் தேவையான காற்று கிடைக்காது. புதியதில் ஃபேன் மோட்டாரில் ஓடுகிறது. சூடு ஏறியதும், வண்டி நின்றாலும், முழு வேகத்தில் சுற்றும்.

ஓடும்போது சரியாக இருப்பதால் ரேடியேட்டர் பெரிதாக அடைத்திருக்க வாய்ப்பில்லை. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போகலாம், அதற்கு மேல் தளர்ந்திருந்தால் வழுக்கும். ஃபேனைச் சுற்றிய தகரக் கூடு கழற்றிப் போடப்பட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் அதே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தாலே கொதிநிலை ஒன்றரை டிகிரிக்கு மேல் இறங்கும். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) பின்தங்கி இருந்தாலும் இதே தொல்லை வரும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ. வைத்துவிட்டு டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி.

கேட்டில் இஞ்சினை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியதும் இஞ்சினின் சூடு பெட்ரோல் பம்பில் ஏறி, பெட்ரோல் ஆவியாகி, திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றும் பழைய டிரைவர்களின் வழக்கம் சரியானதுதான். துணி எக்ஸாஸ்ட் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், இடையில் ஒரு தகர மறைப்பு வைப்பது.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய இஞ்சினைக் கெடுக்குமா?
– வாசகர், திருவாரூர்

இஞ்சினைவிட ரப்பரைத்தான் முதலில் கெடுக்கும். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கெட் ஆகியவற்றை ஊதவைக்கும் அல்லது மொறுமொறுப்பாக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி, டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

இரண்டாவது, எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது. புதிய காரில் சென்சார் அளந்து தானே திருத்திக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்தத் திறமை இல்லை. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நன்றாக ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு வெள்ளை என்றால் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையை) ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். கருப்பு மசி என்றால் ஏற்கெனவே கூடுதலாகப் போகிறது.

மூன்றாவது, டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடை எத்தனால் கழற்றிக்கொண்டு வரும். ஆரம்பத்தில் கண்ணாடி ஃபில்டர் ஒன்று மாட்டி அடிக்கடி பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் போய்விட்டது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காத்தது. அடுத்த முறை ஹெட்டை லேத்துக்குக் கொடுக்கும்போது கடினப்படுத்திய வால்வு சீட் போடச் சொல்லுங்கள்.

உளுந்துச் செடியும் வைக்கோலும் சாலையில் காயப்போட்டிருக்கும் இடத்தில் எந்த வண்டி பாதுகாப்பு?
– வாசகர், பாபநாசம்

இந்த ஒன்றில் புதிய காருக்குத்தான் ஆபத்து அதிகம். அதன் எக்ஸாஸ்டில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யும்போது உள்ளே 400 டிகிரிக்கு மேல் போகும், அது தரைக்கு மிக அருகில் இருக்கிறது. காய்ந்த வைக்கோல் அதில் சிக்கி நின்றால் தீப்பிடிக்கும். வைக்கோல் மேல் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நிற்காமல் மெதுவாகக் கடந்து, நூறு அடி தள்ளி நிறுத்திக் குனிந்து பாருங்கள். அதன் மேல் பார்க்கிங் செய்யவே கூடாது.

பழைய பின்சக்கர இழுவை வண்டிக்கு வேறு தொல்லை. அடியில் நீளமாகச் சுற்றும் புரொபெல்லர் ஷாஃப்ட், வைக்கோலைக் கயிறாகத் திரித்துச் சிலுவை ஜாயிண்டில் சுற்றிக்கொள்ளும். அது பின்னால் போகும் பிரேக் குழாயை இழுக்கலாம், ஆயில் சீலை வெட்டலாம். வீட்டுக்கு வந்ததும் வண்டி ஆறிய பின் கத்தரித்து எடுங்கள். பங்குனியில் இதை வாடிக்கையாக்கிக்கொள்வது நல்லது. உளுந்து மேல் பிரேக் போட்டால் எந்த வண்டியும் வழுக்கும்.

ஏலத்தில் இடது கை ஸ்டீயரிங் உள்ள பழைய அமெரிக்க கார் வருகிறது. வாங்கி ஓட்டலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

சிக்னல் காட்டும் கருவி வேலை செய்யும் நிலையில் இல்லாமல் இடது கை ஸ்டீயரிங் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆவது பிரிவு சொல்கிறது. 50 வருடம் கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால், 2021-இல் வந்த விதிகளின்படி வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். ‘விஏ’ எழுத்து சேர்ந்த எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும்தான்.

ஓட்டுவதில் உள்ள சிக்கல் முந்துவது. இரு வழிச் சாலையில் முன்னால் போகும் கரும்பு லாரியைத் தாண்டி எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது, பாதி வண்டி எதிர்ப்பக்கம் போன பிறகுதான் தெரியும். பக்கத்தில் நம்பகமான ஒருவர் பார்த்துச் சொல்லாமல் முந்தாதீர்கள். அதைவிட, முந்தாமலே போகும் பழக்கம் நல்லது.

மைலேஜ்?
– வாசகர், திருவையாறு

பெரிய எட்டு சிலிண்டர் லிட்டருக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர். அதற்கு மேல் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நாகையில் கடற்கரைக்கு அருகில் வீடு. எந்த இடத்தில் துரு முதலில் பிடிக்கும்?
– வாசகி, நாகப்பட்டினம்

கதவின் கீழ் விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி குழி, முன் மட்கார்டுக்கு உட்புறம், பட்டா கண்ணி. கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகள் உண்டு, அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி உறை போதும். புதிய கார்களின் தகடு பெரும்பாலும் துத்தநாகம் பூசியது, அதனால் தாமதமாகத்தான் துரு வரும். பழையதற்கு அந்தக் காப்பு இல்லை, அடிப்பாகத்தை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவதே காப்பு.

மகள் ஆட்டோமேட்டிக் காரில்தான் பழகினாள். தாத்தாவின் அம்பாசிடரை ஓட்ட ஆசைப்படுகிறாள். எதைச் சொல்லிக் கொடுப்பது?
– வாசகர், பட்டுக்கோட்டை

முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே பழகட்டும். குளிர்ந்த இஞ்சினுக்கு சோக்கை (பெட்ரோல் கலவையை அடர்த்தியாக்கும் குமிழை) முழுதாக இழுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒன்றிரண்டு முறை அழுத்தி, பத்து நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரைப் பிடிக்காமல் விட்டு விட்டு அடிக்க வேண்டும். பிடித்ததும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். மறந்தால் பெட்ரோல் கூடிப் பிளக் நனையும்.

பழைய கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியர். ஊர்ந்துகொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் கத்தும், தேயும். இரண்டாவதில் இறங்கி வந்து வேகத்தடை தாண்டிவிடலாம்.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒன்று சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் நிற்கும் தண்ணீரைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் அறவே பிடிக்காது. டிஸ்க்கில் ஓரிரு சுற்றில் தண்ணீர் சிதறிப்போகும், டிரம்மில் அப்படிப் போகாது. தண்ணீரை விட்டு வந்ததும் பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்தபடி ஐம்பது, அறுபது மீட்டர் ஓட்டட்டும். சூட்டில் லைனிங் காய்ந்து மிதி பழைய பிடிப்புக்கு வந்த பிறகே வேகம் கூட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் ஒரே காலால் ஓட்டிப் பழகியவருக்கு இடது கால் முதலில் ஓங்கி மிதித்துவிடும். அதனால் இதைக் காய்ந்த சாலையில் 20 கி.மீ. வேகத்தில் சில முறை செய்து பார்த்துவிட்டு மழைக்குள் எடுக்கச் சொல்லுங்கள்.